ரிங்ரோட்டில் தங்கி மதுரை பார்ப்பதா?

மதுரைக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கிடைப்பது ஒரே புத்திமதி. "டவுனுக்குள்ள போய் மாட்டிக்கிடாதீங்க. மாட்டுத்தாவணிப் பக்கமோ ரிங்ரோட்டு மேலயோ புது ஓட்டலாப் பாத்து ரூம் போட்டுக்கங்க. கார் நிறுத்த எடம் இருக்கும், சத்தம் இருக்காது, பாத்ரூம் பளிச்சுன்னு இருக்கும். காலையில எந்திரிச்சுக் கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டாப் போச்சு." சின்னாளப்பட்டிக்குச் சுங்குடி எடுக்க வருகிற வெளியூர்க்காரர் யாரானாலும் பில் போட்டு முடிப்பதற்குள் இதைக் கேட்டுவிடுவார். கல்லாவில் இருப்பவர் சொல்வார், சேலை மடிக்கிற அக்கா சொல்வார், பையைக் காரில் வைக்க வருகிற தம்பியும் சொல்வான். ரூம் எதுக்கு, ராத்திரி தலை சாய்க்கத்தானே என்று கடைசியில் ஒரு தத்துவமும் சேரும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது தப்பு.

யாருக்கு இது பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004-இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு விஷயமாக வருகிறவர் ஒத்தக்கடை, மாட்டுத்தாவணிப் பக்கம் தங்குவதுதான் முறை. அவர் டவுனுக்குள் ரூம் எடுத்தால் வக்கீலே சிரிப்பார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குவார். கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபம் எந்தத் திசையோ அந்தத் திசையில் தங்குவார். இவர்களெல்லாம் மதுரையில் ஒரு காரியத்துக்காக வந்தவர்கள். மதுரையையே பார்க்க வந்தவருக்கும் அதே புத்திமதியைக் கொடுப்பதில்தான் கோளாறு. காரியம் ஊராகவே இருக்கும்போது ஊருக்கு வெளியே போய்ப் படுத்துக்கொள் என்பது என்ன நியாயம்?

சங்கம் வளர்த்த ஊர் என்பது நம் பெருமை, இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற மதுரை இடைக்காலத்து நகரம். மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கட்டு 16-ஆம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. எல்லாவற்றையும் வளைத்து ஒரு கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் விழுந்தவைதான் நான்கு வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் இன்னும் தெருக்கள் இருக்கின்றன. கலெக்டருக்கு விளக்குத்தூண். ஆக, வெளி வீதிகளுக்குள் அடங்கியதுதான் பழைய ஊர். மேல வெளி வீதியில் கிளம்பிக் கீழ வெளி வீதிவரை ஒருவர் சாவகாசமாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துபோகும்.

அவ்வளவு சின்ன ஊரா என்று கேட்கலாம். சின்னதுதான், ஆனால் நெரிசலானது. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள், கீழமாசி வீதியில் மளிகை மண்டிகள், விளக்குத்தூண் பக்கம் ஜவுளி, வளையலுக்குத் தனியாக ஒரு தெரு. இவை எதுவும் வண்டி ஓடுவதற்காகப் போட்ட தெருக்கள் கிடையாது. சாமி புறப்பாட்டுக்குப் போட்டவை. சீர்பாதந்தாங்கிகள் தோளில் சப்பரம் எந்த வேகத்தில் அசைந்து வருமோ அந்த வேகத்துக்கு அளவெடுத்த ஊர் இது. சித்திரை வீதிகளில் இப்போது வண்டிகளே விடுவதில்லை. எங்கிருந்து எவ்வளவு பெரிய காரில் வந்தாலும் கடைசிப் பகுதி நடைதான். அந்த நடையை உங்கள் ரூம் வாசலிலிருந்தே தொடங்கலாமா, அல்லது ஓர் ஆட்டோப் பயணத்துக்கும் பேரத்துக்கும் பிறகு தொடங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ரூம் தலை சாய்க்கத்தானே என்கிற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்கிறவர்கள் கோயில் நடை சாத்துகிற நேரத்தை மறந்துவிடுகிறார்கள். மீனாட்சி கோயில் காலை ஐந்து மணிக்குத் திறக்கும், மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்துவார்கள். மறுபடி நான்கு மணிக்குத் திறந்து இரவு பத்து வாக்கில் நடை சாத்தும். அதாவது ஊரின் நாள் நடுவே இரண்டாக உடைந்துவிடுகிறது. இந்த மூன்றரை மணி நேரம் என்ன செய்வீர்கள்? சித்திரை மாத வெயிலில், கால் வைக்க முடியாத கல்லில், கையில் குழந்தையோடு, மூட்டு வலிக்கிற அம்மாவோடு? ரிங்ரோட்டில் ரூம் எடுத்தவருக்கு இரண்டே வழி. ஒன்று, வைகையைத் தாண்டித் திரும்பிப் போக வேண்டும். கோரிப்பாளையமோ யானைக்கல்லோ, எந்தப் பக்கம் போனாலும் பாலத்துக்கு வண்டியெல்லாம் ஒன்றாக வந்து சேரும். போய்ச் சேர்ந்து முகம் கழுவி உட்கார்ந்ததும், "மறுபடி அவ்வளவு தூரமா, வேண்டாம்பா" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதோடு அன்றைய மதுரை முடிந்தது. இரண்டாவது வழி, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, இடம் காலி செய்யச் சொல்லி சர்வர் முறைக்கிறவரை உட்கார்ந்திருந்து, பிறகு கடை வாசல் நிழல்களில் நேரத்தைத் தள்ளுவது. திருமலை நாயக்கர் மகால் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 1636-இல் கட்டியது, கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் பசியும் களைப்புமாய் மதியத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் அதற்குள் நுழைகிறவர் தூண்களைப் பார்க்க மாட்டார். உட்கார இடம் தேடுவார்.

பத்து நிமிட நடையில் ரூம் இருப்பவரின் மதியம் வேறு மாதிரி. சாப்பிட்டு, குளித்து, ஒரு தூக்கம் போட்டு, நான்கு மணிக்கு மாற்றுத் துணியோடு புதிதாய் வந்து நிற்பார். பகலில்தான் ரூமுக்கு வேலை. ராத்திரித் தூக்கம் எங்கேயும் கிடைக்கும்.

செல்போன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரி 2 அன்று இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கோயிலுக்குள் செல்போன் கிடையாது. செருப்புக்கு ஓரிடம், போனுக்கு ஓரிடம், பைக்கு ஓரிடம் என்று ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கூட்ட நாளில் போன் கவுன்டர் வரிசையே ஒரு தரிசன வரிசை. ரூம் பக்கத்தில் இருந்தால் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வேட்டி மடிப்பில் கொஞ்சம் சில்லறையோடு கைவீசிப் போகலாம். எந்த வாசல் வழியாக வேண்டுமானாலும் வெளியே வரலாம். போனை ஒப்படைத்த கோபுரத்தையே தேடி மறுபடி சுற்ற வேண்டியதில்லை. இதையெல்லாம் எந்த ஓட்டல் விளம்பரமும் சௌகரியம் என்று எழுதுவதில்லை.

இனி இரவுக்கு வருகிறேன். ரிங்ரோட்டுக் கட்சிக்காரர்கள் இழப்பது இங்கேதான் அதிகம். அந்தி வழிபாடு முடிந்து, எட்டு எட்டரைக்கெல்லாம் கூட்டம் கரையத் தொடங்கும். தூரத்தில் தங்கியிருப்பவர் அந்தக் கூட்டத்தோடு போய்விடுவார். ஆட்டோ கிடைக்க வேண்டும், பிள்ளைகள் தூங்கி விழும். ஒன்பது மணிக்கு மேல் சுவாமி சன்னதியிலிருந்து சொக்கநாதரின் திருவடிகளை வெள்ளிப் பல்லக்கில் ஏற்றி அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். பள்ளியறை பூஜை. தினமும் நடப்பது. நாகஸ்வரம் முன்னால் போகும், சாம்பிராணிப் புகை வளைந்து வளைந்து பின்னால் வரும். பல்லக்குத் திரை போட்டிருக்கும். அம்மன் சன்னதி வாசலில் பல்லக்கை இறக்கி, உபசாரமெல்லாம் முடித்து, உள்ளே கொண்டுபோவார்கள். பகலில் ஆயிரக்கணக்கான பேர் இடித்துத் தள்ளிக்கொண்டு நகர்ந்த அதே பிராகாரத்தில் அப்போது நிற்க இடமிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்: கடை அடைத்துவிட்டு வந்தவர்கள், தினமும் வருகிற பாட்டிகள். அவர்களுக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்பதுகூடப் பழக்கம். "கொஞ்சம் இங்கிட்டு வாம்மா, அங்க நின்னா பல்லக்குத் தெரியாது" என்று இழுத்து நிறுத்துவார்கள். இடைக்காலத்து நகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம். இதை விட்டுவிட்டு, ரூமில் கீசர் நன்றாக வேலை செய்தது என்று ஊரில் போய்ச் சொல்ல ஒருவர் மதுரை வர வேண்டுமா?

முடிந்து வெளியே வந்தால் இட்லிக் கடைகளில் ஆவி பறக்கும். தூங்கா நகரம் என்பது ரிங்ரோட்டில் லாரி போகிற சத்தத்துக்கு வைத்த பெயர் என்று அங்கே தங்கியவர் நினைத்துக்கொள்வார்.

சரி, கார். இது உண்மையான பிரச்சினை, மறுக்கவில்லை. பழைய ஊருக்குள் பெரும்பாலான லாட்ஜுகளில் கார் நிறுத்த இடம் கிடையாது. இருக்கிறது என்று சொல்கிறவர்களும் தெருவைத்தான் காட்டுவார்கள். ஆனால் இதற்குத் தீர்வு ரூமை ஊருக்கு வெளியே கொண்டுபோவதா? காரையல்லவா வெளியே நிறுத்த வேண்டும்! கட்டணம் கொடுத்து ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு நாளும் அதை மறந்துவிடுங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் வண்டி நிறுத்த இடமுள்ள ஓட்டல்களும் இருக்கின்றன, கொஞ்சம் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். திண்டுக்கல் வழியாக ரயில் இருக்கிறது, அது பழைய ஊரின் மேற்கு வாசலிலேயே இறக்கிவிடும். பஸ் ஏறினால் ஆரப்பாளையம். கொடைரோட்டில் டோல் கட்டி, சமயநல்லூர் தாண்டி, நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்துக் காரைக் கொண்டுபோய், அந்தக் காருக்கு இடம் இல்லை என்பதற்காக ஊரையே தள்ளி வைப்பது யார் தப்பு?

அழுக்கு, சத்தம். இங்கே எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வலு உண்டு. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு, மேல வெளி வீதி, இவற்றுக்கு நடுவே ஓடுகிற குறுக்குத் தெருக்கள் எங்கும் லாட்ஜ்தான். அவற்றில் சில நிஜமாகவே மோசம். ஜன்னல் என்று ஒன்று இருக்கும், திறந்தால் எதிர்ச் சுவர். அப்படி ஒரு ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறந்தபோது காற்று மட்டும் வெகுநேரம் சீறிக்கொண்டு வந்தது. கீழே போய்க் கேட்டால், "காலையில ஆறுலேர்ந்து எட்டுத்தான் சார் வெந்நி" என்றார் ரிசப்ஷன்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஆனால் மோசமான லாட்ஜ் இருக்கிறது என்பதிலிருந்து பழைய ஊரே தங்க லாயக்கில்லை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. தேடத் தெரிய வேண்டும்.

அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் ரூமைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் அதற்குமேல் பேச்சே தேவையில்லை. உள்ளே போனதும் கட்டிலைப் பார்க்காதீர்கள், அதைத்தான் அவர்கள் சரி பண்ணி வைத்திருப்பார்கள். நேரே பாத்ரூம் போய்க் கதவைச் சாத்தி ஒரு நிமிடம் நில்லுங்கள், வாடை சொல்லிவிடும். குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாய் வருகிறது என்று பாருங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மெத்தை விரிப்பின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். தெருப் பக்கத்து ரூம் கொடுத்தால் பின்பக்கம் கேளுங்கள். டவுன்ஹால் ரோட்டின் ஹாரன் சத்தம் பின்பக்க ரூமுக்குப் பாதியாகிவிடும். வயசானவர்கள் கூட வந்தால் லிஃப்ட் உண்டா, அது எந்த மாடிவரை போகிறது என்பது முக்கியம். சில கட்டடங்களில் லிஃப்ட் ஏறுவதற்கே ஆறு படி ஏற வேண்டும். கடைசியாக, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள், எல்லாரும் "பக்கம்தான் சார்" என்பார்கள். மேலக் கோபுரத்துக்கு நடந்து போனால் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பத்து, பன்னிரண்டு என்று பதில் வந்தால் போதும். இருபதைத் தாண்டினால் மதியம் திரும்பி வர உங்களுக்கு மனசு வராது.

பணக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வெளியே அதே வாடகைக்கு ரூம் பெரிது, காலை டிபன் இலவசம் என்பார்கள். போக வர ஆட்டோ, மதியம் ஒரு தடவை திரும்பினால் இன்னொரு போக வர, குடும்பம் பெரிதென்றால் இரண்டு ஆட்டோ. மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். அந்த இலவச டிபனோ ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும். விடிகாலையில் நடை திறந்த சூட்டில், வெயில் ஏறுமுன், பூக்காரம்மாக்கள் மல்லிகையைக் கூடையில் கொட்டி ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் அம்மன் சன்னதித் தெருவில் இருக்க வேண்டியவரை, ஏழரை மணிவரை ரூமில் கட்டிப்போடுகிறது அந்தப் பொங்கலும் வடையும்.

செயலிகளில் பார்க்கிற நட்சத்திரங்களைப் பற்றி ஒரே வார்த்தை. நீச்சல் குளத்துக்கும் வைஃபைக்கும் மதிப்பெண் போட்டவர்களின் சராசரியை வைத்து நாயக்கர் காலத்து ஊரில் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய முடியாது. அவை காட்டுகிற தூரமும் பல சமயம் காக்கை பறக்கிற தூரம்; நடுவில் ஆறு இருப்பது காக்கைக்குப் பொருட்டில்லை. "டெம்பிள் வியூ" என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நம்பி ஏமாற வேண்டாம். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசு விதி இருக்கிறது, அதை மீறிய கட்டடங்கள் வழக்கில் சிக்கியிருக்கின்றன. மொட்டை மாடியில் நின்று கோபுரத்தை போனில் பிடிப்பது பத்து நிமிட சந்தோஷம். அதற்குக் கூடுதல் வாடகை கொடுப்பதைவிட நடந்து போய்க் கோபுரத்தின் கீழேயே நிற்கலாம்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் இதையெல்லாம் சொன்னால் வேறொரு பக்கத்திலிருந்து அடி விழும். "அம்பது கிலோமீட்டரு. அதுக்குப் போய் ரூம் போடுறதா? காசு கொழுத்துப் போச்சா மாமா?" காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்பித்தான் நமக்குப் பழக்கம். நூல் வாங்க, சாயம் வாங்க, நகை எடுக்க, புதுப்படம் பார்க்க என்று ஆயுசுக்கும் மதுரை போய் வந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் பள்ளியறை பூஜை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, அதுவும் கடைசி பஸ் போய்விட்டதால், என்று சிலர் சொல்லலாம். பக்கத்தில் இருப்பதாலேயே ஊரின் பாதி நாளைப் பார்க்காமல் போவது நம் விசேஷம். ஒருநாள் ராத்திரி அங்கே தங்குவதை ஊதாரித்தனம் என்கிறோம். ஆயுசு முழுக்கப் பாதி மதுரையோடு திரும்புவதை யாரும் எதுவும் சொல்வதில்லை.

பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களால் ஒரு பழைய நகரம் என்ன பாடுபடும் என்பதற்கு வெனிஸ் இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே மலிவாக ரூம் எடுத்துக்கொண்டு காலையில் வந்து குவிந்து மாலையில் காலி செய்கிற கூட்டம். 2024 ஏப்ரலில் அந்த நகரம், நெரிசலான சில நாட்களில் பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டது. ஊருக்குள் ராத்திரி தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. மதுரையில் கட்டணம் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, யாரும் யோசனை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் வெனிஸ்காரர்களுக்குப் புரிந்த ஒன்று நம் ஓட்டல் புத்திமதிக்காரர்களுக்குப் புரியவில்லை: ராத்திரி தங்குகிறவர் பால் வாங்குவார், இட்லி சாப்பிடுவார், செருப்பு அறுந்தால் தைப்பார்; ஊரோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டாகும்.

என் கட்சிக்கு எதிராக எனக்குத் தெரிந்து மிகப் பலமான வாதம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சொல்கிறவர் குறைவு. எல்லாரும் பழைய ஊருக்குள்ளேயே தங்கினால் பழைய ஊர் தாங்குமா? ஜெய்சல்மேரில் தாங்கவில்லை. 1156-இல் எழும்பிய அந்த மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் விடுதிகள் பெருகின. ஒவ்வொரு அறைக்கும் குழாய், குளியல், கழிவறை. கோட்டை நிற்கிற குன்றோ நீர் இறங்கினால் இளகுகிற மண். கசிவில் சுவர்கள் சரிந்தன. 1996-இல் உலக நினைவுச் சின்ன நிதியம் அதை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே போகிறவர் கோட்டைக்கு வெளியே, அடிவாரத்தில் தங்குவதே மரியாதை. அங்கிருந்தும் நடைதூரம்தான் என்பதைக் கவனியுங்கள். மதுரையின் நிலை வேறு. நான் சொல்கிற மேற்குப் பகுதி 1870-களில் ரயில் வந்ததிலிருந்தே பயணிகளுக்கென்று வளர்ந்த இடம். கோயில் மதிலை ஒட்டி ஒரு வீட்டை இடித்துவிட்டு ஓட்டல் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சித்திரை வீதிக்குள் புதிதாக எதுவும் முளைக்காமல் இருப்பதே நல்லது. இருக்கிற லாட்ஜைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதற்கு, அங்கே போய்த் தங்குகிற ஆட்கள் வேண்டும்.

நடைதூரத்தில் தங்குவது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரிலான சத்திரம் இப்போதும் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. அங்கிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் மேலக் கோபுரம். தஞ்சாவூரில் ராஜராஜன் இதைவிடத் தெளிவு. 1010-இல் பெரிய கோயிலை முடித்த கையோடு, பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை வரவழைத்தான். ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தவர், தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, அதில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்று கல்லில் வெட்டி வைத்தான். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். கோயிலில் வேளைக்கு வேளை வேலை இருக்கிறவர்களைக் கோயிலுக்குப் பக்கத்தில் குடிவைக்க வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் இன்று தஞ்சாவூருக்கு இரண்டு நாள் போகிறவரிடம் நம் ஆட்கள் சொல்வது: புது பஸ் ஸ்டாண்டு பக்கம் போடுங்க. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரிய கோயில் பல கிலோமீட்டர். பழைய பஸ் ஸ்டாண்டு, காந்திஜி ரோடு வட்டாரத்தில் தங்கினால் பெரிய கோயிலுக்கும் நடக்கலாம், அரண்மனைக்கும் சரஸ்வதி மகாலுக்கும் நடக்கலாம். அந்தி வெயிலில் விமானத்தின் நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு தடவை, விடிகாலையில் பிராகாரம் காலியாக இருக்கும்போது ஒரு தடவை என்று போய்வரலாம்.

விதிவிலக்கும் உண்டு. கங்கைகொண்டசோழபுரம் ஒரு காலத்தில் சோழர் தலைநகர். இன்று கோயில் இருக்கிறது, நகரம் இல்லை. அங்கே ரூம் தேடி அலைவதில் அர்த்தமில்லை, கும்பகோணத்தில் தங்கிப் போய்வருவதே சரி. ஊர் உயிரோடு இருக்கிற இடத்துக்குத்தான் என் வாதம்.

மதுரை லாட்ஜுகளில் புது ஓட்டல்களில் பெரும்பாலும் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ரயில் நிலையப் பக்கத்தில் பல இடங்களில் இன்னும் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. புது ஓட்டலில் மதியம்தான் ரூம் தருவார்கள், மறுநாள் பதினொன்றுக்குக் காலி செய்யச் சொல்வார்கள். நடை சாத்துகிற நேரத்தில் நீங்கள் மூட்டையோடு தெருவில் நிற்பீர்கள். இங்கே மூன்று மணிக்கு எடுத்தால் மறுநாள் மூன்று மணிவரை உங்களுடையது. அந்தி, பள்ளியறை, விடிகாலை, காலைக் கடைத்தெரு, மதியச் சாப்பாடு, குட்டித்தூக்கம், அப்புறம் ஆரப்பாளையம். ஒருநாள் வாடகையில் ஒரு முழு நாள். போனில் பேசும்போது இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. தேர் மாசி வீதியில் ஓடுகிற அன்று பழைய ஊருக்குள் ரூம் கிடைத்தால் பாக்கியம், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைக்காதவருக்குக் கிடைக்காது. அடுத்து அழகர் வைகை ஆற்றில் இறங்குகிற நேரம் வந்தால் நானே வடகரைக் கட்சிக்கு மாறிவிடுவேன். அழகரை ஊர் கூடி எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடப்பது வடகரையில். விடியுமுன் ஆற்றுக்குப் போகிற கூட்டத்தில் எந்த ஆட்டோவும் நுழைய முடியாது. அந்த ராத்திரிக்குத் தல்லாகுளத்திலோ கோரிப்பாளையத்திலோ நடந்து போகிற தூரத்தில் ஒரு ரூம் கிடைத்தால், ஜன்னல் எதிர்ச் சுவரைப் பார்த்து இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அப்போதும் ரிங்ரோடு வேண்டாம்.